கத்தரிப்பூ நிறத்து வண்டி

கலர்க்காரர் என்று சொன்னால்தான் பட்டறைத் தெருவில் ஆளைத் தெரியும். கார்களுக்குப் பெயிண்ட் அடிப்பது தொழில். கூடப் பிறந்தது ஒரே அக்கா. அவளைக் கட்டியவர் டிங்கர். நசுங்கிய தகரத்தை விரலால் தடவியே மேடு எங்கே, பள்ளம் எங்கே என்று சொல்லிவிடுவார். மச்சானும் இவரும் ஒரே பட்டறையில் ஒட்டிக்கிடந்த காலம் அது.

இரண்டு பேருமாக ஓட்டை உடைசல் கார் ஒன்றை வாங்கி, பழைய காரை அறுத்துத் திருத்தி வேக வண்டியாக்கும் ஹாட் ராட் பாணியில் மாற்றினார்கள். மச்சான் கூரையை அறுத்து ஒரு சாண் இறக்கினார். பானெட்டைக் கழற்றி எஞ்சினை வெளியே தெரியவிட்டார். பின்சக்கரங்கள் இரண்டும் யானைக்கால் மாதிரி. இவர் கத்தரிப்பூ நிறம் அடித்து, முகப்பில் தீ நாக்குகள் வரைந்தார். கார்க் கண்காட்சியில் கூட்டம் அதைத்தான் மொய்த்தது. மச்சான் டீ வாங்கப் போன நேரம், யார் செய்தது என்று ஒரு பத்திரிகைக்காரர் கேட்டார். "நான்தான்" என்றுவிட்டார் இவர். மறுநாள் பேப்பரில் வண்டி, பக்கத்தில் இவர் மட்டும் பல்லைக் காட்டிக்கொண்டு.

மச்சான் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் அன்றோடு தீர்ந்திருக்கும். அந்த மாதமே வெளியூரில் வேலை தேடிக்கொண்டு அக்காவோடு கிளம்பிவிட்டார். வண்டியும் யாரிடமோ போனது. வருசத்துக்கு ஒருமுறை அக்கா தனியாக வருவாள். மச்சானைப் பற்றிக் கேட்டால் "இருக்காரு" என்பாள். அவ்வளவுதான்.

அதற்கப்புறம்தான் குட்டிக் கார்ப் பித்து பிடித்தது. உள்ளங்கையில் அடங்கும் உலோக வண்டிகள். கூரை தாழ்ந்ததாக, எஞ்சின் துருத்தியதாகப் பார்த்துக் கடை கடையாக ஏறி இறங்கினார். இருநூறுக்கு மேல் சேர்ந்தது. சேர்க்கிறவர்களுக்கு ஒரு சட்டம் உண்டு: அட்டையில் ஒட்டிய பிளாஸ்டிக் மூடியைப் பிரிக்கக் கூடாது, பிரித்தால் மதிப்பு போயிற்று. இவரும் ஒன்றைக்கூடப் பிரிக்காமல் ஆணிக்கு ஒன்றாகச் சுவர் முழுக்க மாட்டியிருந்தார்.

"ஓடாத வண்டிக்கு எதுக்குங்க நாலு சக்கரம்?" என்பாள் மனைவி.

நட்டநடு ஆணியில் தொங்கியது பதினோரு வருசத்துக்கு முன் கிடைத்தது. அதே கூரை, அதே எஞ்சின், அதே யானைக்கால். நிறம்தான் மஞ்சள். மச்சான் ஒருதரம் வந்து இதைப் பார்த்தால் போதும், அந்தச் சாக்கில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடலாம் என்று தினமும் தூசி தட்டுவார்.

போன மாதம் அக்கா போன் செய்தாள். மச்சானுக்குக் கண் மங்கிவிட்டதாம், இங்கே பெரிய ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டுமாம், தங்க இடம் கிடைக்குமா என்று கேட்டாள். கேட்கிற கேள்வியா அது. கலர்க்காரர் சுவருக்கு நேரே நாற்காலி போட்டு வைத்தார்.

அக்கா தோளைப் பிடித்துக்கொண்டு வந்த மச்சான் அதில் உட்கார்ந்தார். சுவரைப் பாருங்கள் என்று இவர் சொன்னபோது சிரித்தார். "எனக்கு எல்லாம் புகையாத்தான் தெரியுது மாப்ளே."

இவர் மஞ்சள் வண்டியைக் கழற்றி மச்சான் கையில் வைத்தார். விரல்கள் மூடியின் மேல் வழுக்கின.

"இது பிளாஸ்டிக்கு. வண்டி எங்க?"

கலர்க்காரர் கத்தியை எடுத்து மூடியை அறுத்தார்.

மச்சானின் விரல் எஞ்சினில் ஏறி, கூரையில் வந்து நின்றது. "ஆளு பயந்து பயந்து அறுத்திருக்கான். நம்மது இன்னும் தாழ்வு."

"நீங்க இறக்கினது மச்சான். நீங்க செஞ்ச வண்டி. அன்னிக்கு நான் அதைச் சொல்லியிருக்கணும்."

மச்சான் பின்சக்கரத்தை நகத்தால் சுழற்றி, நிற்கும்வரை காது கொடுத்தார்.

"பெயிண்ட்டு நீதானே அடிச்ச. இது என்ன கலரு?"

கத்தரிப்பூ என்று சொல்லியிருக்கலாம். தெரியவா போகிறது. "மஞ்சள்" என்றார்.

"கண்றாவி. நம்ம கலரை அடிச்சிட்டுக் கூப்பிடு. மோந்து பாத்துக்கறேன்."

ஆஸ்பத்திரியில் இனி செய்வதற்கில்லை என்று சொல்லிவிட்டார்கள். மறுநாள் பஸ் ஏறிப் போனார்கள். கலர்க்காரர் மஞ்சளைச் சுரண்டி, அடிப்பூச்சாகப் பிரைமர் போட்டு, கத்தரிப்பூ நிறம் அடித்து, மெல்லிய தூரிகையால் தீ நாக்குகளும் வரைந்துவிட்டார். பாக்கி, மேலே அடிக்கும் வார்னிஷ் மட்டும். போன் செய்தால், அவருக்குப் பயணம் ஒத்துக்கொள்ளவில்லை, அடுத்த மாதம் பார்ப்போம் என்கிறாள் அக்கா.

வார்னிஷ் வாசனை இரண்டு நாளுக்கு மேல் நிற்காது. அதனால் அடிக்காமல் வைத்திருக்கிறார். காலையில் சுவரைத் தூசி தட்டி முடித்ததும், அந்த டப்பாவைக் காதோரம் குலுக்கிப் பார்க்கிறார். இன்னும் இறுகவில்லை.