எந்த வாங்கில் இருந்து பார்ப்பது

மகள் மறுபடியும் ஹொக்கி விளையாடலாம் என்று டொக்ரர் சொன்ன அன்று, காரில் திரும்பி வரும்போது அவள் என்னிடம் கேட்டது இதைத்தான்.

"அப்பா, சனிக்கிழமை நீங்கள் எங்க இருப்பீங்கள்?"

"எங்க இருக்கிறது? மட்ச் பாக்க வருவன்தானே."

"அதில்லை. அரீனாவுக்குள்ள எங்க? விச் சீற்?"

அவளுக்குப் பதினைந்து வயது. ஸ்காபரோவின் கிழக்குப் பக்கத்தில் ஒரு பெண்கள் ஐஸ் ஹொக்கி அணியில் தடுப்பாட்டக்காரி. கடந்த குளிர்காலத்தில் ஒரு விளையாட்டின்போது, மூலைக்கு ஓடிய பக் என்கிற ரப்பர் வட்டைத் துரத்திக்கொண்டு அவளும் எதிரணிப் பிள்ளை ஒருத்தியும் போனார்கள். இருவரின் ஸ்கேற்றுகளும் சிக்கிக்கொண்டன. அவள் தலை முன்னே போக, பனித்தளத்தைச் சுற்றி அடித்திருக்கும் பலகையில் மோதி விழுந்தாள். நான் அந்த மூலையில், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன். எங்களுக்கு இடையில் கண்ணாடியின் தடிப்பு மட்டுமே இருந்தது. உள்ளே போக வழியில்லை.

தலை உள்ளுக்குள் அதிர்ந்துவிட்டது என்றார்கள். திரைச்சீலை இழுத்துவிட்ட அறையில், புத்தகமும் போனும் இல்லாமல் நாட்கணக்காகப் படுத்திருந்தாள். பிறகு மெல்ல மெல்ல எல்லாம் சரிவந்தது. அவளுக்குச் சரிவந்தது. எனக்கு இன்னும் வரவில்லை. வேலையிடத்தில் யாராவது கதவை அடித்துச் சாத்தினால் என் கைகள் மேசையை விட்டு எழும்புகின்றன. ஊரில் குண்டுச் சத்தம் கேட்டு வளர்ந்தவன், அதனால்தான் என்று நண்பர்கள் விளக்கம் சொல்வார்கள். அப்படி இல்லை. அது அந்தப் பலகையின் சத்தம், வேறொன்றுமில்லை.

"நீங்கள் எங்க இருந்தாலும் ஓகே," என்றாள். "ஆனா ஒரு இடத்தில இருங்கோ. போன வருஷம் முழுக்க நீங்கள் கிளாஸ் வழிய எனக்குப் பின்னால நடந்து திரிஞ்சீங்கள். நான் பக்கைப் பாக்கிறதா, உங்களைப் பாக்கிறதா?"

"நான் உனக்கு இடைஞ்சலாவே நிண்டனான்?"

"இடைஞ்சல் இல்லை. விழுந்தாப் பிறகு நான் கண்ணைத் திறந்து முதல் பாத்தது உங்கட முகம். லைக், நான் செத்துப் போறன் எண்ட மாதிரி ஒரு முகம். அதைப் பாத்துத்தான் எனக்குப் பயம் வந்தது. நான் விழுந்தா நீங்கள் எழும்பக் கூடாது. நீங்கள் எழும்பினா, எனக்கு என்னவோ நடந்திட்டுது எண்டு நினைப்பன்."

நான் ஓம் என்றேன். காரை ஓட்டிக்கொண்டு ஓம் என்று சொல்வது சுலபம்.

நான் ஏன் கண்ணாடியடிக்குப் போனேன் என்பதையும் சொல்லவேண்டும். எங்கள் ஆட்களுக்கு முன்வரிசைதான் மரியாதை. கலியாண மண்டபத்திலும் அரங்கேற்றத்திலும் பின்னால் போய் இருந்தால் யாராவது கையைப் பிடித்து முன்னுக்கு இழுத்துக்கொண்டு போவார்கள். இருக்க மறுத்தால் கோபித்துக்கொள்வார்கள். பிள்ளையின் முதல் ஹொக்கி விளையாட்டுக்குப் போன அன்று, முன்வரிசை வெறுமையாகக் கிடந்ததைப் பார்த்து, வெள்ளைக்காரர் மேலே போய் இருக்கிறார்களே, என்ன மடைத்தனம் என்று நினைத்தேன். நேரே கண்ணாடிக்குப் போய் மூக்கு முட்டுகிற மாதிரி நின்றேன். அணியில் இன்னொரு தமிழ்ப் பிள்ளை இருக்கிறாள். அவளுடைய தகப்பன் மேலேயிருந்து கூப்பிட்டார்.

"என்ன அண்ணை, பிரதம விருந்தினர் மாதிரி முன்னுக்குப் போய் நிக்கிறியள்? மாலை வரும் எண்டு பாக்கிறியளோ?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. கண்ணாடி முழுக்க பக் பட்டுக் கீறல். பலகையின் அடியில் நடப்பது தெரியாது. மறு பாதியில் விளையாடுகிறவர்கள் ஒருவருக்குப் பின் ஒருவராக மறைந்துபோவார்கள். அதனால்தான் நான் மகளைத் தேடித் தேடி நடக்கத் தொடங்கினேன். நடந்து நடந்து அந்த மூலைக்கும் போய்ச் சேர்ந்தேன்.

இந்த முறை இடத்தை முதலே தெரிந்துவைப்பது என்று முடிவெடுத்தேன். வியாழக்கிழமை வேலையில் அரைநாள் லீவு எடுத்துக்கொண்டு அரீனாவுக்கு வெளிக்கிட்டேன்.

"ஆருமில்லாத நேரம் அங்க போய் என்ன செய்யப் போறியள்?" என்று மனைவி கேட்டாள்.

"இருந்து பாக்கப் போறன்."

"வீடு வாங்கேக்குள்ளயும் நீங்கள் இவ்வளவு பாக்கேல்லை."

அரீனா வெறுமையாக இல்லை. ஓய்வுபெற்ற மனிதர்கள் சிலர் இரண்டு அணியாகப் பிரிந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். பார்வையாளர் என்று ஒருவரும் இல்லை. நான் கோட்டும் தொப்பியுமாக ஏறி இறங்குவதைப் பார்த்த ஒருவர், தன் அணிக்கு ஆதரவாளர் வந்துவிட்டார் என்று மட்டையை உயர்த்திக் காட்டினார். நானும் கையைக் காட்டினேன்.

முதலில் மேல்மாடியில் இருக்கும் சூடான அறைக்குப் போனேன். குளிர் தாங்காத பெற்றோர் கோப்பியோடு கூடும் இடம் அது. பெரிய கண்ணாடிச் சுவர் வழியாகத் தளம் முழுவதும் தெரியும். சத்தம் வராது. என்னைப் போன்றவனுக்கு இதுதான் தோதான இடம் என்று நம்பிக்கொண்டுதான் போனேன். ஆனால் அங்கே இருந்த கொஞ்ச நேரத்துக்குள் மூச்சு முட்டியது. ஒரு மனிதர் விழுந்தார். சத்தமில்லாமல் விழுந்தார். அவர் முனகினாரா, சிரித்தாரா, சும்மா வழுக்கினாரா என்று தெரியவில்லை. சத்தம் இல்லாதபோது எல்லா விழுகையும் ஒன்றுபோலவே இருந்தது, எல்லாம் அந்த விழுகையாகவே இருந்தது. கீழே இறங்கி வந்தேன்.

அடுத்ததாக, பார்வையாளர் இருக்கும் நீளப் பலகை இருக்கைகளில் நடு வாங்கு. தலைக்கு மேலே சிவந்து எரியும் ஹீற்றர், இரண்டு பக்கமும் சமதூரம். ஹொக்கி தெரிந்தவர்கள் தேடிப்பிடிக்கும் இடம் அது. அங்கிருந்து பார்த்தபோதுதான் விளையாட்டின் ஓட்டம் எனக்கு முதன்முறையாக விளங்கியது. ஆனால் பக் எந்த மூலைக்குப் போனாலும் என் கால்கள் அந்தப் பக்கம் எழும்பப் பார்த்தன. நடுவில் இருப்பவனுக்கு இரண்டு பக்கமும் போகலாம். அதுதான் பிழை.

எதிரணியின் கோல் பக்கம் போய் இருந்தால் மகள் பெரும்பாலும் தூரத்தில்தான் இருப்பாள். அவள் காக்கிற பக்கத்தில்தான் முட்டுவதும் மோதுவதும். தூரத்தில் இருந்தால் முகம் தெரியாது. அவளுக்கு என் முகமும் தெரியாது. இதை நான் நெடுநேரம் யோசித்தேன். அந்தப் பக்கத்து வாங்கில் போய் இருந்தபடி ஒரு முதியவர் விழுவதைப் பார்த்தேன். பாதி எழும்பியும் விட்டேன். தூரத்தில் இருக்கிறவன் கட்டாயம் ஓடிவருவான் என்று அப்போது விளங்கியது.

கடைசியில் அந்த மூலைக்குப் போனேன். கண்ணாடியடிக்கு அல்ல, அதற்கு மேலே, வாங்குகள் முடிகிற இடத்தில், மேல்வரிசைக்கு ஒன்று கீழே. அங்கிருந்து பலகையின் அடி தெரிந்தது. கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கலாம். ஹீற்றரின் சூடு அவ்வளவு தூரம் வராது. மனிதர்கள் இரண்டு பேர் பக்குக்காக மூலைக்கு வந்து முட்டினார்கள். பலகை அதிர்ந்த சத்தம் வாங்கு வழியாக என் முதுகுக்குள் ஏறியது. உடனேயே அதற்குப் பின்னால் வேறு சத்தங்களும் கேட்டன. ஸ்கேற் பனியைச் சுரண்டுவது, ஒருவர் மற்றவரைக் கிழவா என்று ஏசுவது, இருவரும் சிரிப்பது. பலகை அடிபட்ட பிறகும் சத்தம் தொடரும் என்பதை நான் இதுவரை கேட்டதில்லை. அன்று அவர்கள் விளையாடி முடியும்வரை அதிலேயே இருந்தேன். ஒவ்வொரு மோதலுக்கும் உடம்பு துள்ளியது. எழும்பவில்லை.

வீட்டுக்கு வந்து மகளிடம் இடத்தைச் சொன்னேன்.

"அதே கோர்னரா? ஆர் யூ ஷுவர்?"

"ஓம். மூண்டு பீரியட்டில முதலாவதிலயும் கடைசியிலயும் நீ அந்தப் பக்கம்தான் நிப்பாய். நடுவில மற்றப் பக்கம் போவாய். நான் மாற மாட்டன்."

சனிக்கிழமை மனைவி கம்பளியும் தேத்தண்ணிப் போத்தலும் கொண்டுவந்தாள். மற்றத் தமிழ்ப் பிள்ளையின் தகப்பன் சூடான அறைக்குப் போகிற வழியில் எங்களைக் கண்டு நின்றார்.

"அண்ணை, உதில இருந்து விறைக்கப் போறியளோ? மேல வாங்கோ, சாப்பிட றோல்ஸ் இருக்கு."

"நீங்கள் போங்கோ. நான் இதிலதான்."

"அக்கா, நீங்களாவது சொல்லுங்கோவன்."

"இவர் வந்து அளந்து பாத்து எடுத்த இடம்," என்றாள் மனைவி. "காணி உறுதி எழுதாததுதான் குறை."

முதல் பீரியட் ஒன்றுமில்லாமல் போனது. இரண்டாவதில் மகள் மறுபக்கம் போனாள். அங்கே ஒரு நெரிசலில் அவளுடைய வெள்ளை ஹெல்மெட் காணாமல் போய், பிறகு வெளியே வந்தது. மனைவி என் கோட்டின் விளிம்பைப் பிடித்திருந்தாள். நான் எழும்பாமல் இருக்கவா, தான் எழும்பாமல் இருக்கவா என்று தெரியவில்லை.

மூன்றாவதில் அது வந்தது. பக் மூலைக்கு ஓடியது. மகள் துரத்தினாள். உயரமான ஒரு பிள்ளை பக்கத்தில் வந்தாள். இருவரும் சேர்ந்து பலகையில் மோதினார்கள். சத்தம் வாங்கு வழியாக வந்தது. மற்றவள் நின்றாள், என் மகள் விழுந்தாள்.

என் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. முகத்தை அடக்க என்னால் முடியாது என்று முன்பே தெரியும். கால்களை அடக்கலாம். இரண்டு கைகளாலும் வாங்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு முன்னால் இருந்த பெண் எழும்பிவிட்டாள். அவளுடைய முதுகுக்குப் பக்கத்தால் சரிந்து பார்த்தேன். மகள் ஒரு முழங்காலில் நின்றாள். தலையை நிமிர்த்தினாள். எங்கும் தேடவில்லை. நேரே இந்த இடத்தைப் பார்த்தாள். நான் இருந்தேன்.

அவள் மட்டையை ஊன்றி எழும்பிப் பக்குக்குப் பின்னால் போனாள்.

மேலேயிருந்து அந்தத் தகப்பன் படிகளில் தடதடவென்று இறங்கி வந்தார். "அண்ணை, கண்டனீங்களே? கீழ போகேல்லையே?"

"கண்டனான். இல்லை, போகேல்லை."

அவர் என்னைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தார். முடிய இன்னும் நேரம் இருந்தது. கால்களை வாங்குக்குக் கீழே இழுத்து வைத்துக்கொண்டு, மிச்சத்தையும் அதே இடத்தில் இருந்து பார்த்தேன்.