பச்சை காட்டிய வானம்

சகாயத்துக்கு முன்பல் இரண்டு கிடையாது. உடைத்தவர் லிங்கசாமி அண்ணன். கேட்டால், நியாயமான அடி என்றுதான் நான் சொல்வேன். ஆனாலும் சகாயம் கெட்டவன் இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரம்.

ஜெகதளாவுக்கு மேலே எங்கள் தேயிலை எஸ்டேட் ஃபேக்டரியில் அவன் எலக்ட்ரீஷியன். ஆசைப்பட்டு ஒரு ட்ரோன் வாங்கினான். அதைப் பறக்கவிடும் முன் அவன் செய்கிற சடங்கு எங்களுக்கெல்லாம் சிரிப்பு. போனில் வரைபடத்தைத் திறந்து சிவப்பா, மஞ்சளா, பச்சையா என்று பார்ப்பான்; பச்சை என்றால்தான் பறக்கவிடுவான். ராணுவ இடம், காட்டு எல்லை என்றால் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டான். காற்று பார்ப்பான், உயரம் பார்ப்பான், மேனேஜரிடம் அனுமதி வாங்குவான். "பைலட்டு துரை வந்துட்டாருங்க" என்று கிண்டலடிப்போம்.

கொழுந்து பறிக்கும் ஆண்டாயி அக்கா, லிங்கசாமி அண்ணனின் சம்சாரம், அவராகத்தான் கேட்டார். "மேல இருந்து பாத்தா நாங்க எப்படி இருப்போம் தம்பி? எடுத்துக் குடு, திருப்பூர்ல இருக்கிற எம்மவ கனிஷ்காவுக்கு அனுப்பறேன்."

அக்கா பறிக்கிற மலையில் ஒரு பெரிய மரம் உண்டு. கோடையில் கிளைக்குக் கிளை மலைத்தேன் அடை தொங்கும். புகைக்கும் சத்தத்துக்கும் தேனீ கலையும் என்று அந்த மாதங்களில் அங்கே பீடிகூடப் பற்றவைக்கமாட்டோம். சாவு ஊர்வலம் வந்தாலும் பறையை நிறுத்தி, வாய்விட்டு அழாமல்தான் மரத்தைத் தாண்டுவோம். சகாயத்தின் அப்பாவைக் கல்லறைக்குக் கொண்டுபோன பேண்டு செட்டும் அங்கே ஊதவில்லை. பெட்டியைத் தூக்கிப்போனவர்களில் அவனும் ஒருவன். அவனுக்குத் தெரியாதா? ஆனால் அதெல்லாம் தரையில் நடக்கிறவனுக்கு என்று நினைத்துவிட்டான் பாவி. வானத்துக்கு வேறு சட்டம், அதைத்தான் பார்த்தாயிற்றே. பச்சை.

ட்ரோன் மரத்தைத் தொடவே இல்லை. பக்கத்தில் இரைந்துகொண்டு நின்றது, அவ்வளவுதான். ஆண்டாயி அக்கா அண்ணாந்து பார்த்துச் சிரித்துக் கையாட்டினார்.

அடை கலைந்தது. பெண்கள் கூடைகளை எறிந்துவிட்டு ஓடினார்கள். அக்காவின் கால் தேயிலைச் செடியில் சிக்கியது. விழுந்தவரைத் தேனீக்கள் போர்வையாக மூடின. கண்ணிலும் காதிலும் மொய்த்து, கத்தத் திறந்த வாய்க்குள்ளும் போயின. சகாயம் ஒரு சாக்கைப் போர்த்திக்கொண்டு உள்ளே பாய்ந்து அவரை இழுத்துவந்தான். அவன் முகமும் வீங்கிக் கண் மூடிப்போனது. ஆஸ்பத்திரி போகிற வழியில், ஜீப்பிலேயே அக்கா உயிர் போய்விட்டது.

ஆஸ்பத்திரி வாசலில் லிங்கசாமி அண்ணன் தேயிலைச் செடி வெட்டும் கவாத்துக் கத்தியின் பிடியால் சகாயத்தின் வாயில் இடித்தார். ரத்தம் வழிய அவன் போனை நீட்டினான்.

"பாருங்கண்ணா, பச்சைதாங்கண்ணா காட்டுச்சு."

அதைக் கேட்ட பிறகு அண்ணன் அடித்த அடியை நாங்கள் யாரும் தடுக்கவில்லை.

மறுநாள் அக்காவின் ஊர்வலம் மரத்தடிக்கு வந்தது. அவரைக் கொன்ற ஈக்கள் அதே கிளையில் திரும்ப அடைந்திருந்தன. பறை நின்றது.

"அடிங்கடா! இனி யாரைக் கொல்லப் போகுது?" லிங்கசாமி அண்ணன் கத்திக்கொண்டே பறைக்குப் பாய்ந்தார். நாலு பேர் சேர்ந்து அவரை மண்ணில் அமுக்கினோம். கனிஷ்கா ஓடிவந்து அப்பன் வாயைக் கையால் பொத்தினாள். அவர் கடித்தார். விரலில் ரத்தம் வந்தது. அவரைத் தூக்கிக்கொண்டு நாங்கள் மரத்தைத் தாண்டும்வரை அவள் கையை எடுக்கவில்லை.