நாலு, ஏழு, கண்ணு, ரெண்டு

கிரைண்டரைத் திருடுவதற்கென்று ஒருவன் இந்த உலகத்தில் இருப்பான் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். நகையைத் திருடுவார்கள், தேங்காயைத் திருடுவார்கள். கல்லும் மோட்டாருமாக, தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும் பண்டத்தை யார் திருடுவார்கள்? ஒருவன் திருடினான். அதுவும் எங்களையே பெட்டி கட்டச் சொல்லி, ‘பத்திரம்’ என்று சீட்டு ஒட்டவைத்து, கப்பலில் ஏற்றி அனுப்பவைத்துத் திருடினான்.

தொண்ணூறுகளின் கடைசி வருடங்கள் அவை. என் கணவருக்குப் பீளமேட்டில் சின்னதாக ஒரு கிரைண்டர் பட்டறை. இன்ஜினியரிங் முடித்த மகள் வீட்டு ஹாலில் கம்ப்யூட்டரை வைத்து, பட்டறைக்கு ஒரு வெப்சைட் செய்தாள். வெளிநாட்டில் இருக்கும் நம் ஆட்கள் அதில் கிரெடிட் கார்டு எண்ணைக் கொடுத்துக் கிரைண்டர் வாங்கினார்கள். இட்லிக்கு ஏங்கும் மனிதன் எதையும் நம்புவான். நாங்களும் அவர்களை நம்பினோம். அப்படித்தான் ஒரே விலாசத்துக்கு எட்டுக் கிரைண்டர் போனது. பிறகு கார்டுக்கு உரியவர் எங்கோ அமெரிக்காவில் உட்கார்ந்துகொண்டு, “கிரைண்டர் என்றால் என்ன?” என்று கேட்டிருக்கிறார். வங்கி எங்கள் கணக்கிலிருந்து அந்தப் பணத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது.

“கல்லத் தூக்கீட்டுப் போனவனுக்கு முதுகு வலி வராமயா போயிரும்,” என்றார் என் கணவர். அவருடைய கோபம் அவ்வளவுதான். எனக்கு அப்படி விட முடியவில்லை. அன்றிலிருந்து பால்காரர் மணி அடித்தால்கூட யாரென்று ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறந்தேன்.

வங்கி அதிகாரி எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்: இன்னொரு முறை இப்படி ஆனால் கார்டு வசதியை எடுத்துவிடுவார்கள். இனிமேல் ஆர்டர் வந்தால் போன் செய்து, கார்டின் பின்பக்கம் கையெழுத்துப் போடும் பட்டையின் ஓரத்தில் இருக்கும் எண்ணைக் கேளுங்கள். அது மூன்று இலக்கம். ஆனால் மூன்று என்று நீங்கள் சொல்லிவிடாதீர்கள். கார்டு கையில் இருக்கிறவர் பார்த்துப் படிப்பார். எண்ணை மட்டும் திருடியவன் திணறுவான்.

வெளியே வந்ததும் மகள் சொன்னாள், “கார்டு வசதிய எடுத்துட்டாங்கன்னா நான் பெங்களூர் வேலைக்குப் போயிருவேன். அப்புறம் இந்த வெப்சைட்ட வெச்சுட்டு நானென்ன மாவா ஆட்டறது?”

பெங்களூர்க் கம்பெனி ஒன்று அவளை வரச் சொல்லி ஏற்கெனவே கேட்டிருந்தது. அவள் பதில் சொல்லாமல் வைத்திருந்தாள். ஆக, என் ஒரே மகள் என்னோடு இருப்பதும் போவதும், முகம் தெரியாத யாரோ ஒருவரின் கார்டு முதுகில் எழுதியிருந்தது. தாவரவியல் படித்த எனக்கு அதைத் தாங்கும் பாடம் எதையும் யாரும் சொல்லித் தரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கிணத்துக்கடவு ஆர்டர் வந்தது. வாங்குகிறவர் அமெரிக்காவில் இருக்கும் ஒரு பெண். கிரைண்டர் போக வேண்டியது கிணத்துக்கடவில் அவருடைய தங்கை வீட்டுக்கு. கார்டு ஒரு நாட்டில், சரக்கு ஒரு நாட்டில். வங்கி அதிகாரி எச்சரித்த சங்கதிகளில் இதுவும் ஒன்று.

மகள் போன் செய்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் எழுதிய துண்டுச்சீட்டையே பார்த்தேன். கடல் கடந்த லைனில் ஒரே இரைச்சல். “கார்டுக்குப் பின்னாடி ஓரத்துல இருக்கற நம்பரச் சொல்லுங்க,” என்றாள். கேட்டுக் கேட்டு எழுதினாள். நாலு. ஏழு. ஒண்ணு. ரெண்டு.

நான்கு இலக்கம்.

மகள் என்னைப் பார்த்தாள். போனில், “சரிங்க, பாத்துட்டுச் சொல்றோங்க. ரொம்ப நன்றிங்க,” என்று சொல்லி வைத்தாள். திருடியாகவே இருந்தாலும் ‘ங்க’ போடாமல் போனை வைக்க எங்கள் ஊரில் ஒருவருக்கும் வராது.

“மாட்டிக்கிச்சு பாத்தியா,” என்றாள். சீட்டைக் கிழித்துப் போட்டாள். கையோடு வங்கிக்கு ஒரு கடிதம் அடித்தாள். இந்த எண்ணுள்ள கார்டு திருடப்பட்டதாகச் சந்தேகிக்கிறோம், உரியவருக்குத் தெரிவித்து முடக்கவும். அதை ஃபேக்ஸில் அனுப்ப வேண்டும். ஆனால் இன்டர்நெட், ஃபேக்ஸ், போன் எல்லாவற்றுக்கும் எங்கள் வீட்டில் ஒரே லைன். இன்டர்நெட்டில் ஏதோ இறங்கிக்கொண்டிருந்தது. அது முடியட்டும் என்று குளிக்கப் போனாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. திருடியைப் பிடித்ததைப் போத்தனூரில் இருக்கும் என் அக்காவுக்குச் சொல்லியாக வேண்டும். வயரைப் பிடுங்கிப் போனில் சொருகினேன். நான் எடுப்பதற்குள் அதுவே அடித்தது.

“ஏனுங்க்கா, கிரைண்டர் கம்பெனிங்களா? எந்நேரமா அடிக்கறேன், லைனே கெடைக்கலீங்க. கிணத்துக்கடவுக்கு ஒண்ணு சொல்லியிருந்தனுங்க.”

திருடி என்னை அக்கா என்கிறாள். ஆனாலும் விடவில்லை. “கிணத்துக்கடவுல எங்கீங்க?” என்றேன்.

“பொள்ளாச்சி ரோட்டுலீங்க. கோயில் தாண்டி, தேங்கா மண்டிக்கு இந்தப் பக்கம். மண்டிக்கு அந்தப் பக்கம் போயிட்டீங்கன்னா நாய் இருக்கும், எறங்காதீங்க. என்ற தங்கச்சி ஊட்டுல புதுமனை புகுவிழாங்க்கா. அதுக்குள்ள வந்துருமுங்களா?”

திருடர்கள் பொதுவாக நாயைப் பற்றி எச்சரிக்க மாட்டார்கள். கொஞ்சம் தடுமாறினேன். “அந்த நம்பர இன்னொருக்காச் சொல்லுங்களே,” என்றேன்.

“அதான் புள்ளகிட்டச் சொன்னனேங்க்கா. நாலு. ஏழுங்க்கா. ரெண்டு.”

மூன்று.

“ஏனுங்க, நடுவுல ஒரு ஒண்ணு இருந்துச்சுங்களே?”

“ஒண்ணா? அது எங்கிருந்துங்க வந்துச்சு?” இரைச்சலுக்கு நடுவே ஒரு சிரிப்பு. “நாலு, ஏழு, கண்ணு, ரெண்டுன்னு சொல்லியிருப்பனுங்க்கா. சின்னப் புள்ளக் கொரலா இருந்துச்சு. கண்ணு போடாம எப்படிப் பேசறது?”

எங்கள் ஊரில் ‘வீடு’ என்பதன் முதலெழுத்தை நாங்களே தின்றுவிட்டு ‘ஊடு’ என்போம். ‘கண்ணு’வின் முதலெழுத்தைக் கடல் தின்றிருக்கிறது. என்னிடம் பேசும்போது கண்ணு போய் அக்கா வந்ததால் எண் சரியாகிவிட்டது.

தலையில் துண்டோடு வந்த மகள் ஃபேக்ஸ் இயந்திரத்தில் கடிதத்தைச் செருகிக்கொண்டே, “போன வைம்மா, இத அனுப்போணும்,” என்றாள். நான் போனைக் கையால் பொத்திக்கொண்டு, “அனுப்பிப் போடாத. அது ஒண்ணு இல்ல, நீதான்,” என்றேன். அவளுக்குப் புரிய நேரமானது. புரிந்ததும் காது வரை சிவந்தாள். ஒரு நல்ல மனுஷியின் கார்டை, அவர் தன்னைக் கண்ணு என்று கூப்பிட்ட குற்றத்துக்காக முடக்க இருந்தாள்.

சரியான மூன்று இலக்கத்தோடு வங்கிக்குச் சொன்னாள். ஒப்புதல் வந்தது. நாய்க்கு இந்தப் பக்கமாகவே நிறுத்தி என் கணவர் கிரைண்டரை இறக்கிவிட்டு வந்தார். அதற்கான பணத்தை யாரும் திரும்பக் கேட்கவில்லை. கார்டு வசதியும் போகவில்லை. அதன்பிறகு மகள் எந்த எண்ணையும் வாங்கியபின் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லி, “சரிங்களா?” என்று கேட்காமல் போனை வைத்ததில்லை.

எனக்குத்தான் நடுக்கம் போகவில்லை. இப்போதும் யாராவது மூன்று இலக்கம் கேட்டால், கார்டை முந்தானையால் மூடிக்கொண்டுதான் படிக்கிறேன்.

கிரைண்டர் போய்ச் சேர்ந்த வாரம் பெங்களூர்க் கம்பெனி போன் செய்தது. “இப்போதைக்கு வர்லைங்க,” என்று மகள் சொல்லிக்கொண்டிருந்தாள். சமையலறையிலிருந்து தெரியாதவள் போல, “போன்ல யாரு கண்ணு?” என்றேன்.

“அம்மா,” என்றாள் போனைக் கையால் பொத்திக்கொண்டு, “லைன்ல ஆள் இருக்கறப்ப அந்த வார்த்தையச் சொல்லாத. கணக்குல சேந்துரும்.”