வில்லன் நடிகர் போட்ட கையெழுத்து

இன்னைக்குக் காலையில தென்காசியில இருந்து குற்றாலத்துக்கு பஸ்ல போனேன். கூடவே பக்கத்து வீட்டு சுடலைமுத்து அண்ணாச்சி, கையில ஒரு மனுவோட.

ஒரு காலத்துல சினிமா வில்லன், அப்புறம் கட்சியில சேர்ந்து வாரியத் தலைவர், இப்போ ஹோட்டல் முதலாளி. அப்படி ஒரு நடிகர் அங்க புது ஹோட்டல் திறக்க வந்திருந்தார். அந்த ஹோட்டல் சுவர், அண்ணாச்சி வயலுக்குப் போற வாய்க்காலை அடைச்சிருச்சு. நாத்து வாடுது.

இதுல சங்கடம் என்னன்னா, அந்த வில்லனுக்கு இருபது வருசம் ரசிகர் மன்றம் நடத்தினவரே அண்ணாச்சிதான்.

கூட்டத்துல முண்டியடிச்சு மனுவை நீட்டினார். நடிகர் சிரிச்சுக்கிட்டே பேரைக் கேட்டார். சொன்னதும் பேனாவை எடுத்து, மனு மேலேயே "சுடலைமுத்துவுக்கு அன்புடன்"னு கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்துட்டு கார்ல ஏறிட்டார்.

அண்ணாச்சி மனுவை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டார்.

"எத்தனை வருசமா ஆசைப்பட்ட கையெழுத்து தெரியுமாடே!"

மனுவை மேல இருந்து கீழ வரைக்கும் ஒரு தடவை படிச்சார். அப்புறம் மெதுவா கேட்டார்: "ஏடே, வாய்க்காலைத் திறந்துவிடச் சம்மதிச்சுட்டார்னு இதுக்கு அர்த்தமா?"

ரெண்டு பேரும் பஸ் ஏறி ஊருக்குத் திரும்பிட்டோம்.

இதைத் தாலுகா ஆபீஸ்ல கொடுக்கணுமா, கண்ணாடி போட்டு மாட்டணுமா? தெரிஞ்சவங்க சீக்கிரம் சொல்லுங்க. பதில் கேட்டு அண்ணாச்சி எங்க வாசல்லதான் நிக்காரு.