முருங்கை குடித்த தண்ணீர்

எங்கள் வீட்டு வாசலுக்கு உள்பக்கம் ஒரு முக்காலி. அதன்மேல் புளி போட்டுத் தேய்த்த பித்தளைச் செம்பு, பக்கத்தில் கவிழ்த்துவைத்த டம்ளர். வருகிறவர்களுக்கான தண்ணீர் அது. அப்பா தினமும் காலையில் ஊர்க் கிணற்றிலிருந்து சைக்கிளில் குடத்தைக் கட்டிக்கொண்டு வந்து, முதலில் அந்தச் செம்பைத்தான் நிரப்புவார். ஊரே குடித்த கிணற்றுத் தண்ணீர்தான்; ஆனால் எங்கள் வீட்டுக்கு வந்தவர் யாரும் அதைத் தொட்டதில்லை. சாயங்காலம் அதை முருங்கை மரத்தடியில் ஊற்றிவிடுவார். விருந்தாளிகளின் பங்கையெல்லாம் குடித்தே அந்த முருங்கை கொழுத்தது.

அப்பா நகராட்சிக் கழிவுநீர்த் தொட்டிகளுக்கு மேஸ்திரி. வெள்ளாறு கடலைத் தொடும் இடத்துக்குச் சற்று மேலே, தென்கரையில் அந்தத் தொட்டிகள். அவற்றை ஒட்டி எங்கள் குவார்ட்டர்ஸ். அம்மா போன பிறகு நாங்கள் இருவர் மட்டும். ஊர்ச் சாக்கடையெல்லாம் தொட்டிகளில் தேங்கி, கசடு அடியில் தங்க, மேல்தண்ணீர் மதகு வழியாக ஆற்றில் இறங்கும். கடல் ஓதம் ஏறும்போது ஆறு பின்னோக்கி ஓடும். அப்போது மதகை அடைத்துவைக்க வேண்டும். ஓதம் வற்றத் தொடங்கியதும் திறந்தால் எல்லாம் கடலோடு போய்விடும். அப்பா பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிக்கொண்டு மதகுக்கு ஓடுவார். கடலுக்கு வாழ்க்கைப்பட்டவர் என்று கேலி செய்வேன், சிரிப்பார். சிரிக்க எங்களுக்கு வேறு ஆளும் கிடையாது.

அறுபதுகளின் தொடக்கத்தில், கறம்பக்குடிப் பக்கத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். அப்பாவின் வேலை தெரிந்தும் வர ஒப்புக்கொண்ட முதல் குடும்பம். அப்பா வீட்டுக்கு வெள்ளையடித்தார், புது டம்ளர்கள் வாங்கினார். அவருக்கு ஒரே கவலைதான். அன்றைக்கு ஓதம் வற்றத் தொடங்குவது மத்தியானம். அவர்கள் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது மதகைத் திறந்தால் நாற்றம் வீடு முழுக்க வரும். முன்கூட்டியே தொட்டியைக் காலி செய்துவிடலாம் என்று எண்ணி, காலையில் ஓதம் ஏறிக்கொண்டிருக்கும்போதே திறந்துவிட்டார். ஆற்றைவிடத் தொட்டியில் மட்டம் உயரமாக இருந்ததால் எல்லாம் மளமளவென்று வெளியே போனது. எங்கள் வீடு அப்படி மணத்ததே இல்லை. ஊதுவத்தி வாசம் கூட வந்தது.

ஓதம் அதைக் கடலுக்கா கொண்டுபோகும்? மேலே, ஆற்றைக் கடக்கிற பரிசல் துறைக்குக் கொண்டுபோனது. அக்கரையில் பஸ்ஸை விட்டு இறங்கித் துறைக்கு வந்த மாப்பிள்ளை வீட்டார் சேற்றுக்காலைக் கழுவத் தண்ணீரில் இறங்கினார்கள். வாசலில் நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பட்டுச்சேலை கட்டிய பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மேலேறினார்கள். அப்பா இக்கரையில் கைகூப்பியபடியே நின்றார். அவர்கள் திரும்பி நடந்த பிறகும் அவர் கை இறங்கவில்லை. பரிசல்காரர் மட்டும் வந்து, எங்கள் படியேறாமல், தள்ளி நின்றே சொன்னார்: "அவங்க போயிட்டாங்க மேஸ்திரி. வேற எடம் பாத்துக்கிறாங்களாம்."

அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஓதம் ஏறுதுன்னு தெரிஞ்சுதான் ஆத்தா தெறந்தேன். நம்ம வீடு மணக்கணும்னு நெனச்சேன்" என்றார். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை; அழுகைதான் வந்தது. அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. ஆனால் மறுநாள் காலையிலும் அப்பா செம்பைத் தேய்த்து, தண்ணீர் நிரப்பி, முக்காலியில் வைத்தார். எந்த நம்பிக்கையில் வைத்தார் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

பள்ளிக்கூட வேலையில் காலத்தை ஓட்டிவிட்டு, இப்போது அறந்தாங்கியில் ஒரு மாடி வீட்டில் தனியாக இருக்கிறேன். கரண்டு கணக்கெடுக்க வருகிறவர், காஸ் கொண்டுவரும் பையன், எல்லாருடைய கையிலும் தண்ணீர் பாட்டில் இருக்கிறது. யாரும் யார் வீட்டிலும் தண்ணீர் கேட்பதில்லை. இருந்தாலும் காலையில் அதே செம்பைத் தேய்த்து, நிரப்பி, வாசல் பக்கம் வைக்கிறேன். மாடியில் முருங்கை கிடையாது. சாயங்காலம் நானே குடித்துவிடுகிறேன்.