கேப்டன் களமிறங்குகிறார்

கேப்டனின் வலது கைச் சுண்டுவிரல் நேராக இருக்காது. எந்த ஆட்டத்திலோ முறிந்து, வைத்தியம் பார்க்காமல் விட்டதால் கோணலாகக் கூடிப்போன விரல் அது. எதிரணியிலிருந்து கபடி பாடி வருகிறவனின் கணுக்காலை அந்தக் கை பற்றும்போது மற்ற விரல்கள் பூட்டுப்போல இறுகிக்கொள்ள, அது மட்டும் தனியே வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். கயிற்றுக்கு வெளியே நிற்கும் கூட்டம் அந்த விரலைப் பார்த்துத்தான் பிடி விழுந்துவிட்டதென்று தெரிந்துகொள்ளும். நடுவர் விசில் ஊதுவதற்கு முன்பே சத்தம் எழும்பிவிடும். மேடையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஆட்டத்தை வர்ணித்துக்கொண்டிருந்த எனக்கும் அந்த விரல்தான் கணக்கு.

எங்கள் தெருவுக்கென்று ஒரு கபடிக் குழு உண்டு. உப்பு மூட்டைகளை அடுக்கிவைக்கும் கிட்டங்கிகளுக்குப் பின்னால், உடைமரங்களை வெட்டிச் சமப்படுத்திய மணல்திடல்தான் எங்கள் மைதானம். நான் கப்பல் ஏஜென்சி அலுவலகம் ஒன்றில் குமாஸ்தா. விளையாட வராது, தொண்டை மட்டும் நல்லது. அதனால் குழுவில் எனக்கு மைக் கிடைத்தது. கேப்டன் துறைமுகத்தில் டிரெய்லர் லாரி ஓட்டினார். என்னைவிட ஆறு வயது மூத்தவர். தலைமைப் பொறுப்பை எப்போதோ இளையவர்களுக்குக் கொடுத்துவிட்டார். ஆனாலும் ஊருக்கு அவர்தான் கேப்டன். டீக்கடையில், துறைமுக வாசலில், மீன் ஏலம் நடக்கிற இடத்தில் எல்லாம் அதே பெயர். அவருடைய மகளைப் பள்ளிக்கூடத்தில் ‘கேப்டன் மகள்’ என்றுதான் சொல்வார்கள்.

இத்தனை பேர் ஒரு மனிதர்மேல் அவ்வளவு பிரியம் வைத்ததற்கு அவர் பிடித்த பிடிகள் மட்டும் காரணமில்லை. பிடிபட்டவனை முதலில் எழுப்பிவிடுவது அவர்தான். முதுகிலும் தலையிலும் ஒட்டியிருக்கும் மணலைத் தட்டிவிட்டு, “அடி ஒண்ணும் இல்லையே?” என்று கேட்பார். தோற்றுப்போன வெளியூர்ப் பையன்கள்கூட ஆட்டம் முடிந்ததும் அவரோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். மீன்கூடை சுமக்கும் பெண்கள் சிலர் அவர் ஆட்டமென்றால் சீக்கிரமாக விற்றுத் தீர்த்துவிட்டு, காலிக்கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்து பார்ப்பார்கள். அவர்களில் ஒருத்தி சொல்வாள்: “அவரு புடிக்க வேண்டாம்யா. அந்த மூலையில சும்மா நின்னாப் போதும். நம்ம பிள்ளைகளுக்குத் தைரியம் வந்துரும்.”

அது உண்மை. நாற்பதைத் தாண்டிய பிறகு அவர் பழையபடி ஆடவில்லை. ஓட்டம் குறைந்துவிட்டது. இருந்தும் அவர் வலது மூலையில் நிற்கும் நாளில் மற்ற ஆறு பேரும் வேறு ஆட்களாக இருப்பார்கள். அவர் இல்லாத நாளில் அதே பையன்கள் ஒருவர் கையை ஒருவர் பிடிக்கக்கூடத் தயங்குவார்கள். மைக்கில் அவர் பெயரைச் சொன்னால் மட்டுமே எழும் ஒரு சத்தம் உண்டு. அதை எழுப்புகிறவன் நான் என்கிற போதை எனக்கு இருந்தது. இப்போது அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை.

ஒரு வருஷம் அவருக்குக் கழுத்துவலி வந்தது. இடது கை விரல்கள் மரத்துப்போகின்றன என்றார். ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், கழுத்தெலும்பு தேய்ந்திருக்கிறது, வண்டி ஓட்டலாம், ஆனால் களத்தில் இன்னொரு அடி விழக்கூடாது என்று சொல்லியிருக்கிறார். கேப்டன் அதை வெளியில் யாரிடமும் சொல்லவில்லை. வயசாச்சு, போதும் என்று மட்டும் குழுவில் சொன்னார். நாங்கள் கேட்டுக்கொண்டோம். ஆனால் பட்டியலிலிருந்து அவர் பெயரை எடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. மாற்று ஆட்டக்காரர்களில் கடைசிப் பெயராக அது கிடந்தது.

அவர் மனைவியை நான் மைனி என்று கூப்பிடுவேன். ஒரு நாள் காலையில் அலுவலகத்துக்குப் போகிற வழியில் என்னை நிறுத்தி, டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னார். கையில் அந்த ஸ்கேன் உறை இருந்தது. அதைப் பிரித்துக் காட்டினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

“அவுக தானாப் போக மாட்டாக தம்பி. அது எனக்குத் தெரியும். ஆனா நீங்க மைக்குல கூப்பிட்டுட்டா அவுகளால நிக்க முடியாது. அத்தனை பேரு முன்னால வரமாட்டேன்னு சொல்ல அவுகளுக்கு வராது. நீங்க மட்டும் கூப்பிட்டுராதீங்க.”

“கூப்பிட மாட்டேன் மைனி” என்றேன். யோசிக்காமல்தான் சொன்னேன். கஷ்டமான வாக்குறுதியாக அது அப்போது தோன்றவில்லை.

அந்த வருஷப் போட்டியின் அரையிறுதி ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நடந்தது. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. கடல்காற்று மணலை வாரி அடித்தது. எங்கள் பையன்கள் பின்தங்கிக்கொண்டே இருந்தார்கள். ஆட்டம் முடியச் சில நிமிடங்கள் இருந்தபோது வலது மூலையில் நின்ற பையனின் கால் பிசகியது. அவனைக் கைத்தாங்கலாக வெளியே கொண்டுபோனார்கள். அந்த நேரத்தில்தான் கூட்டத்தின் கடைசியில் கேப்டனைப் பார்த்தேன். பகல் ஷிப்டு முடித்து, வேலைச்சட்டையோடு, கையில் ஒரு காய்கறிப் பையோடு நின்றுகொண்டிருந்தார். என்னைத் தவிர யாரும் அவரைக் கவனிக்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பையை மறுகைக்கு மாற்றிக்கொண்டு திரும்பி நடந்தார்.

பத்துப் பன்னிரண்டு அடி நடந்திருப்பார். மேடையிலிருந்து எனக்கு அவர் முதுகு தெரிந்தது.

அந்தக் கணத்தில் நான் என்ன நினைத்தேன் என்று எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். மைனி நினைவுக்கு வந்தாரா? வந்தார் என்றுதான் நினைக்கிறேன். இருந்தும் வாய் முந்திக்கொண்டது. “இதோ, நம்ம கேப்டன் வந்திருக்கிறார். கேப்டன் களமிறங்குகிறார்” என்றேன்.

அந்தச் சத்தத்தை என்னால் எழுத முடியாது. கூட்டம் தானாக விலகி வழி விட்டது. அவர் நின்றார், திரும்பினார், மேடையைப் பார்த்தார். கோபமில்லை. பிடிபட்டவன் பார்க்கிற பார்வை அது. பக்கத்தில் நின்றவனிடம் பையைக் கொடுத்துவிட்டு உள்ளே வந்தார். கால் பிசகிய பையன் தன் பனியனைக் கழற்றிக் கொடுத்தான். வியர்வையில் நனைந்திருந்த அந்தப் பனியனை மாட்டிக்கொண்டு மூலையில் போய் நின்றார்.

அடுத்துப் பாடி வந்தவன் நல்ல உயரம். இடப்பக்கம் போவதுபோலப் போக்குக் காட்டி, வலது மூலைக்குக் காலை நீட்டினான். கேப்டன் குனிந்து பிடித்தார். அவன் நடுக்கோட்டை நோக்கி எகிற, எங்கள் பையன்கள் நான்கு பேர் ஒரே நேரத்தில் மேலே விழுந்தார்கள். பிடி விடவில்லை. விசில் ஊதினார்கள். நான் மைக்கில் கத்தினேன். ஒவ்வொருவராக எழுந்தார்கள். பாடி வந்தவனும் எழுந்தான். கேப்டன் எழவில்லை. நான் இன்னும் கத்திக்கொண்டுதான் இருந்தேன்.

நான் ஓடிப்போனபோது கண் திறந்திருந்தார். “ஏலே, மேல கிடக்கவனை எந்திரிக்கச் சொல்லு” என்றார். அவர்மேல் யாரும் இல்லை.

ஆட்டம் அங்கேயே நின்றுபோனது. பத்துப் பதினைந்து பேர் அவரைக் கையும் காலுமாகத் தூக்கிக்கொண்டு வேனுக்கு ஓடினார்கள். அழுதுகொண்டே ஓடினார்கள். அத்தனையும் அவருக்காக உயிரைக் கொடுக்கக்கூடிய கைகள். கழுத்தை அசைக்காமல் தூக்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. அதனால் பாதிப்பு கூடியதா என்று பிறகு டாக்டரிடம் கேட்டேன். இருக்கலாம், சொல்ல முடியாது என்றார்.

ஆஸ்பத்திரியில் மைனி என்னைத் திட்டவில்லை. எதிரே உட்கார்ந்திருந்தவர், “நீங்க சொன்னது வீடு வரைக்கும் கேட்டுச்சு தம்பி. அடுப்பை அமத்திட்டு வாசல்ல வந்து நின்னேன்” என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு இன்றுவரை அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

கேப்டனுக்குத் தோளுக்குக் கீழே உணர்வு எதுவும் திரும்பவில்லை. முதல் மாதங்களில் ஆஸ்பத்திரி வாசல் திருவிழாபோல இருந்தது. ‘எழுந்து வா கேப்டன்’ என்று தெருமுனையில் ஃபிளக்ஸ் வைத்தார்கள். காற்றில் அது கிழிந்து, ‘எழுந்து’ மட்டும் ஒரு கம்பத்தில் படபடத்துக்கொண்டிருந்தது. ஒரு நாள் மைனியே அதை அவிழ்த்து எடுத்துவந்தார். நான் மைக்கைத் தொடுவதை விட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் போய் அவருக்குச் சவரம் செய்துவிடுகிறேன்.

குழுவோ முன்னைவிட நன்றாக ஆடுகிறது. ஒவ்வொரு போட்டிக்கும் முன்னால் பையன்கள் அவர் வீட்டுக்கு வந்து வரிசையாக நின்று காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். அவர் களத்தில் ஆடி ஒருமுறைகூடப் பார்த்திராத சின்னவர்களும் அதில் இருக்கிறார்கள். அவர்கள் போன பிறகு ஒருதடவை என்னிடம் சொன்னார்: “வாரவனெல்லாம் காலைத் தொடுதான். தொட்டது எனக்குத் தெரியாதுல்லா. குனியுததை வச்சுத்தான் தெரிஞ்சுக்கிடுதேன்.” சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

போன மாதம் குழு பெரிய கோப்பை ஒன்றை வென்றது. நேராக அவர் வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். தெருவெல்லாம் ஆள். எல்லாரும் வெளியே போன பிறகும் வாசலில் ‘கேப்டன், கேப்டன்’ என்ற கோஷம் ஓயவில்லை. ஜன்னலைச் சாத்தச் சொன்னார். சாத்தினேன்.

“ஏலே, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்” என்றார். “அன்னைக்கு நீ கூப்பிடாட்டாலும் நான் எறங்கியிருப்பேன். நீ அதையே நெனச்சுக்கிட்டு இருக்காத.”

இத்தனை வருஷமாக யாராவது இதை என்னிடம் சொல்ல மாட்டார்களா என்று ஏங்கியிருக்கிறேன். சொல்லவேண்டியவரே சொல்லிவிட்டார். ஆமா என்று தலையாட்டியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் அவர் எனக்காகச் சொன்ன அந்தப் பொய்யை வாங்கிக்கொள்ள என்னால் முடியவில்லை.

“இல்ல அண்ணாச்சி” என்றேன். “நீங்க திரும்பி நடந்துட்டீங்க. நான் பாத்தேன்.”

அவர் கூரை மோட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். வெளியே இன்னும் அவரைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கண்ணோரம் திரண்டது காதுப்பக்கம் வழிந்தது. துடைத்துக்கொள்ள அவருக்குக் கை எழாது. அடுக்களையிலிருந்து வந்த மைனி முந்தானையால் அதை ஒற்றியெடுத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார்.

“ஆமாலே” என்றார் கேப்டன். “வீட்டுக்குத்தான் போய்க்கிட்டு இருந்தேன்.”