மூன்றாவது மன்றாட்டு

போர் முடிந்து, முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பிய முதல் வருடம் எங்கள் கோயிலுக்குக் கூரை இல்லை. பீடத்துக்கு மேலே மட்டும் நாலு தகரம் போட்டிருந்தார்கள். சனம் வெயிலில் நின்று பூசை கண்டது. எனக்கு வாசிப்பு ஓரளவு வரும் என்பதால் ஞாயிற்றுக்கிழமைகளில் மன்றாட்டு வாசிக்கும் வேலையைப் பங்குச் சுவாமி என்னிடம் தந்திருந்தார். முதலாவது திருச்சபைக்காக. இரண்டாவது நோயாளிகளுக்காக. மூன்றாவது நாட்டுத் தலைவர்களுக்காகவும் எங்களை நிர்வகிக்கும் அதிகாரிகளுக்காகவும். அந்த மூன்றாவதை நான் ஓட்டமாக வாசித்து முடித்துவிடுவேன். சுவாமியும் கவனித்திருப்பார், ஒன்றும் கேட்டதில்லை.

வீட்டுத்திட்டத்துக்குப் பெயர் பதிய கிராமத்து அரசாங்க அலுவலரான விதானையார் கொட்டில் கொட்டிலாக வந்த நாளில் நாங்கள் ஊரில் இல்லை. என் கணவர் காலில் ஷெல் துண்டோடு திரும்பியவர். புண் ஆறுவதும் சீழ் பிடிப்பதுமாக இருந்தது. அன்று அவரை மன்னார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருந்தேன். விதானையார் தறப்பாள் கூரை போட்ட எங்கள் கொட்டிலுக்கு வெளியே நின்று இரண்டு தரம் கூப்பிட்டிருக்கிறார். பிறகு 'ஆட்கள் இல்லை' என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். பக்கத்துக் கொட்டிலில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். பட்டியலைச் சுவரில் ஒட்டியபோது மேலிருந்து கீழ்வரை மூன்று தரம் பார்த்தேன். எங்கள் பெயர் இல்லை.

அந்த நாட்களில் குடிதண்ணீர் பவுசர் லொறியில்தான் வரும். வாளிகளை வரிசையாக வைத்துவிட்டு, உடைந்த மதிலின் நிழலில் பெண்கள் குந்தியிருப்போம். அங்கேதான் என் வாய் திறந்தது. விதானையாருக்கு இடது காது கேட்காது. உள்பக்கத்து வயல் கிராமத்துக்காரர், ஓடுகிற வழியில் ஷெல் பக்கத்தில் விழுந்து காது போனது என்று எல்லோருக்கும் தெரியும். யாராவது கதைத்தால் வலது காதைத் திருப்பி, கழுத்தைக் கோழி மாதிரி நீட்டி, "என்ன? என்ன?" என்பார். நான் அதைச் செய்து காட்டினேன்.

"என்ன? என்ன? வீடா? ஆர் கேட்டது வீடு?"

சிரித்துச் சிரித்து ஒருத்தியின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காணாமற்போன அவளுடைய மகனின் செய்தி ஒன்றும் அதுவரை தெரியாது. அவள் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அதனால் நான் செய்வது ஒரு புண்ணியம் என்றுகூட நினைத்துக்கொண்டேன். அடுத்த நாளும் கேட்டார்கள், செய்தேன். பிறகு அது வழக்கமாகிவிட்டது. பெயர் சொல்லாமல் 'செவிடன்' என்றே கதைத்தோம். எனக்கு உடம்பெல்லாம் அலுப்பு. காலையில் எழும்பவே மனம் வராது. அந்த வரிசையில் மட்டும் கொஞ்சம் உயிர் வரும்.

ஒரு ஞாயிறு நான் மன்றாட்டு வாசித்துக்கொண்டிருந்தேன். மூன்றாவதில் "எங்களை நிர்வகிக்கும் அதிகாரிகள்" என்று வாசித்தபோது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் மெதுவாக, "என்ன? என்ன?" என்றது. முதலில் இரண்டு பேர் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு ஆண்கள் பக்கமும் பரவியது. எனக்கே உதட்டோரம் சிரிப்பு வந்ததை மறைக்கமாட்டேன். நிமிர்ந்து பார்த்தேன். கடைசியில், கோயில் வாசலாக இருந்த இடத்தில், விதானையார் நின்றார். அவர் சைவ சமயத்தவர். பூசை முடிந்ததும் தறப்பாள் பங்கீடு பற்றி அறிவிக்க வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, சுடுமணலில் கைகட்டி நின்றிருக்கிறார். எல்லோரும் சிரிப்பதைக் கண்டு அவரும் கொஞ்சம் சிரித்தார். பிறகு பக்கத்தில் நின்றவரிடம் காதைத் திருப்பி, "என்ன? என்னத்துக்குச் சிரிக்கினம்?" என்று கேட்டார்.

பக்கத்தில் நின்றவர் நிலத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. எனக்குத் தாளில் எழுத்துத் தெரியவில்லை. "ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறோம்" என்ற கடைசி வரி வாயில் வரவேயில்லை. சுவாமிதான் பீடத்திலிருந்து அதைச் சொல்லி முடித்தார்.

பூசைக்குப் பிறகு தாளைச் சுவாமியிடம் நீட்டினேன்.

"இனி வேற ஆரிட்டையும் குடுங்கோ சுவாமி. நான் வாசிக்கமாட்டன்."

சுவாமி என்னைவிடப் பத்து வயது இளையவர். அவரும் எங்களோடு முகாமில் இருந்தவர். கதிரையில் இருந்து நெற்றியைத் தடவினார்.

"ஆரிட்டைக் குடுக்கிறது, அக்கா? அந்த மூண்டாவதை எழுதேக்க எனக்கும் கை ஓடுறேல்ல. ஒவ்வொரு கிழமையும் விட்டிடுவமோ எண்டுதான் நினைக்கிறன்." கையை எடுத்து என்னைப் பார்த்தார். "விடுறதெண்டால் ரெண்டு பேரும் சேந்து விடுவம். சொல்லுங்கோ."

நான் தாளை மடித்து எடுத்துக்கொண்டு வந்தேன்.

திங்கட்கிழமை விதானையாரின் கந்தோருக்குப் போனேன். பாதி இடிந்த கூட்டுறவுச் சங்கக் கட்டடத்தில் ஒரு மேசை, இரண்டு கதிரை. அவருடைய வலப்பக்கமாகப் போய் நின்றேன்.

"ஐயா, உங்களைப் பற்றி நான் கூடாத கதை கதைச்சனான். உங்கட காதைப் பழிச்சுக் காட்டினதும் நான்தான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அவர் பேனையை மூடி வைத்தார். "தெரியும்" என்றார். "கோயில்ல நேத்து விளங்கேல்ல. வீட்டை போகத்தான் விளங்கினது." பிறகு, "இருங்கோ" என்று மற்றக் கதிரையைக் காட்டினார்.

இருந்தேன். ஆனால் வந்ததில் பாதிதான் முடிந்திருந்தது.

"ஐயா, இன்னொண்டு. பட்டியலில எங்களை விட்டது உங்கட பிழை. பக்கத்துக் கொட்டில்ல விசாரிச்சிருக்கலாம். அதையும் உங்கட முகத்துக்கு நேர சொல்லோணும் எண்டுதான் வந்தனான்."

அவர் கொப்பியைத் திறந்து விரலால் தேடினார். நேரமெடுத்தது.

"ஓம், பிழைதான்" என்றார். "அண்டைக்கு எழுவது கொட்டில் பாத்தனான், பிள்ளை. கடைசியில கண்ணும் தெரியேல்ல. பட்டியல் இப்ப மாவட்டக் கச்சேரிக்குப் போயிட்டுது. என்னால எடுக்க ஏலாது. மேன்முறையீடு எழுதித் தாங்கோ, நான் கையெழுத்து வைக்கிறன்."

எழுதிக் கொடுத்தேன். கையெழுத்தும் வைத்தார். இரண்டாவது பட்டியலிலும் எங்கள் பெயர் வரவில்லை.

தண்ணீர் வரிசையில் பெண்கள் கேட்டபோது, "இனிச் செய்யமாட்டன்" என்றேன். ஒருத்தி, "வீடு தாறன் எண்டு வாயைக் கட்டிப்போட்டார் போல" என்றாள். மகனைத் தேடுகிறவள் தன் வாளியை முன்னால் நகர்த்தினாள். அவளிடமிருந்து ஒன்றைப் பறித்துவிட்டது போல இருந்தது எனக்கு. அதற்குப் பிறகு பல நாள் அந்த வரிசையில் கதையே இல்லாமல் இருந்தோம். விதானையாரின் பேச்சு வந்தால் நான் 'அவன்' என்னாமல் 'அவர்' என்பேன். அவர் செய்யாமல் விட்ட வேலையைச் சொல்லும்போதும் 'அவர்' தான். சொல்ல வேண்டியதை ஊர்க் கூட்டத்தில் எழும்பி நின்று சொல்வேன். அந்த ஒரு எழுத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க எவ்வளவு பலம் வேண்டுமென்று முன்பு எனக்குத் தெரியாது.

கொழும்பிலிருந்து ஒரு பெரிய தலைவர் வந்த நாள்தான் மிகக் கஷ்டம். பிள்ளைகளுக்குக் கொடி கொடுத்து வெயிலில் நிறுத்தினார்கள். நாலு மணித்தியாலம் பிந்தி வந்து, பத்து நிமிடம் பேசிவிட்டுப் போனார். எங்கள் காணாமற்போனவர்கள் பற்றி ஒரு சொல் இல்லை. என் கணவர் காலைத் தூக்கிக் கட்டையில் வைத்தபடி வாய்க்கு வந்தபடி ஏசினார்.

"அவர் செய்தது சரியில்லை. கடிதம் எழுதுவம்" என்றேன்.

"அவராம். உனக்கு நோகேல்லையா?"

"நோகுது" என்றேன். கடிதம் எழுதினோம், முப்பத்தெட்டுப் பேர் கையெழுத்து வைத்தார்கள். பதில் வரவில்லை.

இந்தத் தலைவர்களிலும் அதிகாரிகளிலும் எனக்கு அன்பு வந்துவிட்டது என்று சொன்னால் பொய். வாசிக்கிற வாயை வாசிக்கிற தாளுக்கு ஏற்றதாக வைத்திருக்கப் பார்த்தேன், அவ்வளவுதான். தவறிய நாட்கள் பல. பாவசங்கீர்த்தனத்தில் அதையே திரும்பத் திரும்பச் சொல்லி, கேட்கிற சுவாமிக்கும் அலுத்திருக்கும்.

மூன்றாவது பட்டியலில் எங்கள் பெயர் வந்தது. அத்திவாரம் வெட்டிய கிழமையில் விதானையார் வேறு பிரிவுக்கு மாறிப் போனார். போகுமுன் சைக்கிளில் வந்து, குழியை எட்டிப் பார்த்து, "ஆழம் காணாது, மணல் நிலம். இன்னும் ஒரு அடி வெட்டச் சொல்லுங்கோ" என்றார். என் கணவர் எழும்ப முயன்றார். விதானையார் கையைக் காட்டி இருக்கச் சொன்னார். அவருக்குத் தேத்தண்ணி வைத்துக் கொடுத்தேன். சீனி இருக்கவில்லை. வெறும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார். அன்று பின்னேரமே இன்னும் ஒரு அடி வெட்டுவித்தோம்.